படியில் நிற்கும் கதாநாயகன்

"இன்று அதிகாலையிலேயே எழுத உட்கார்ந்துவிட்டேன். சொற்கள் அருவியாய்க் கொட்டுகின்றன" என்று ஒரு பதிவைப் போட்டுவிட்டு, அதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்க்க உட்கார்ந்தார் எழுத்தாளர். மேசைமேல் பேனா மூடி திறந்தபடி கிடந்தது. பதிவோடு போட்ட படத்தில் டீயிலிருந்து ஆவி பறந்தது. மேசைமேல் இருந்த டீ ஆறி ஏடு கட்டியிருந்தது.

சொல் எதுவும் கொட்டவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

எழுத்தாளர் என்பது வீட்டில் வைத்த பெயர். வெளியே அவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவர். "மேல் வரிசை தெரியுதா? அதுக்குக் கீழ?" என்று நாள் முழுக்க அடுத்தவர்களை எழுத்துக் கூட்டி வாசிக்க வைப்பது அவர் பிழைப்பு. இத்தனை பேரை வாசிக்க வைக்கிறோமே, நாம் எழுதியதை ஒருத்தராவது வாசிக்கமாட்டாரா என்ற ஏக்கம் அப்படிப்பட்டவருக்கு வந்ததில் ஆச்சரியமில்லை.

ஏக்கத்துக்கு ஒரு வழியும் பிறந்திருந்தது. அவருடைய நாவலின் முதல் இரண்டு அத்தியாயங்களைப் படித்த பதிப்பாளர் கூப்பிட்டு அனுப்பினார்.

"வருஷத்துக்கு ஒரே ஒரு புது ஆளைத்தான் போடுவேன். இந்த வருஷம் அந்த இடம் உங்களுக்கு. வருஷக் கடைசிக்குள்ள முழு நாவலும் என் கைக்கு வரணும். வரலைன்னா வருத்தப்படாதீங்க, வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்" என்றார். எழுத்தாளர் செருப்பை மாட்டும்போது, போகிறபோக்கில், "நாலு பேருக்கு உங்க முகம் தெரிஞ்சாலும் நல்லதுதான்" என்றும் சொன்னார்.

இரண்டில் முதலில் சொன்னது வீட்டுக்கு வரும் வழியிலேயே மறந்துவிட்டது. செருப்பு மாட்டும்போது சொன்னதை மட்டும் எழுத்தாளர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

நாவல் மூன்றாவது அத்தியாயத்தில் நின்றது. சரியாகச் சொன்னால், கதாநாயகன் காதலியின் வீட்டு மாடிப்படியில் ஒரு காலைத் தூக்கியபடி நின்றான். தூக்கிய காலை அடுத்த படியில் வைப்பதற்குள் போன் சிணுங்கிவிட்டது. பார்த்துவிட்டு வைத்துவிடலாம் என்று எடுத்ததுதான், பல வாரங்கள் ஆகியும் வைக்கவில்லை.

"இன்னுமா நிக்கிறான்?" என்று எட்டிப் பார்த்தாள் மனைவி. அவள் பிசியோதெரபிஸ்ட். "பாவங்க, முட்டி வீங்கிடும்."

"கிண்டல் பண்ணாதே. நான் வாசகர்களோட தொடர்புல இருக்கேன்."

"எழுதவே எழுதாத நாவலுக்கு எதுக்குங்க வாசகர்?"

எழுத்தாளருக்குக் கோபம் வந்தது. கோபம் அடங்கியதும் அவள் சொன்னது சரி என்று பட்டது. இந்த ஒரு நல்ல குணம் அவரிடம் உண்டு, கொஞ்சம் தாமதமாக வரும், அவ்வளவுதான்.

"காலையில ஆறுலேருந்து எட்டு வரைக்கும் போனை எங்கம்மாகிட்ட கொடுத்துடுங்க" என்றாள் மனைவி. "எட்டு மணிக்கு வாங்கிக்கங்க."

மாமியார் கூடத்து சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நீதிமன்றத்தில் தட்டச்சராக வேலை பார்த்து ஓய்வு பெற்று, மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். அதிகம் பேசமாட்டார். யார் பேசினாலும் அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். மகள் வாங்கிக் கொடுத்த போன் எந்நேரமும் அவர் மடியில் இருக்கும், கட்டைவிரல் இரண்டும் அதன்மேல் ஓடிக்கொண்டே இருக்கும்.

"கொடுங்க மாப்பிள்ளே, நான் பாத்துக்கறேன்" என்றார்.

சும்மா கொடுத்துவிட முடியுமா? வாசகர்கள் தேடுவார்களே. "எழுத்துக்காகச் சில காலம் இங்கிருந்து விலகுகிறேன். என்னைத் தேட வேண்டாம்" என்று எழுத்தாளர் ஒரு பதிவு போட்டார். அவர் வாழ்நாளில் எந்தப் பதிவுக்கும் அப்படி ஒரு வரவேற்பு கிடைத்ததில்லை. "போகாதீங்க", "உங்க வரிகள் இல்லாம எங்களுக்கு எப்படி விடியும்" என்று ஆளாளுக்கு அழுதார்கள். தன்னால் இத்தனை பேருக்கு விடிந்துகொண்டிருந்தது அவருக்கே அன்றுதான் தெரிந்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக "நன்றி, விடைபெறுகிறேன்" என்று பதில் போட்டார். விலகி முடிக்கவே ஒரு வாரம் பிடித்தது.

ஒருவழியாகப் போன் மாமியாரிடம் போனது. எழுத்தாளர் கதவைச் சாத்திக்கொண்டு பேனாவைத் தூக்கினார். கதாநாயகனின் கால் லேசாக அசைந்ததுபோல் இருந்தது.

"மாப்பிள்ளே!"

"என்ன அத்தை?"

"ஒண்ணுமில்ல. யாரோ உங்களுக்குக் கட்டைவிரலைக் காட்டியிருக்காங்க."

"மேல பாத்த விரலா, கீழ பாத்த விரலா?"

"மேலதான்."

நிம்மதியாக இருந்தது. ஆனால் யார் என்று தெரியாமல் எப்படி எழுதுவது? "பேரு என்ன போட்டிருக்கு அத்தை?" என்று கேட்டுக்கொண்டே கூடத்துக்கு வந்துவிட்டார். அன்று அவர் ஒன்பது தடவை கூடத்துக்கு வந்தார். கதாநாயகன் ஒரு தடவைகூட மேலே போகவில்லை.

"முக்கியமா இருந்தா மட்டும் கூப்பிடுங்க அத்தை" என்று மறுநாள் சட்டம் போட்டார்.

"முக்கியமா இல்லையான்னு திறந்து பாத்தாத்தானே தெரியும்?"

நியாயமான கேள்வி. திறந்து பார்க்க அனுமதி கொடுத்தார். அன்றிலிருந்து மாமியார் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தார். கடையில் முதலாளி என்ன சொல்லியிருக்கிறார், பள்ளிக்கூடச் சிநேகிதன் எதற்குச் சிரித்திருக்கிறான், எல்லாம் அவருக்கு அத்துப்படியாயிற்று. ஒருநாள் பதிப்பாளரே போனில் கூப்பிட்டுவிட்டார். மாமியார்தான் எடுத்தார், வெகுநேரம் பேசினார்.

எழுத்தாளர் கூடத்துக்கு ஓடிவந்தார். "என்ன கேட்டாரு அத்தை?"

"எழுத்து எந்த மட்டுல இருக்குன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வீட்டுல தினமும் நடந்துக்கிட்டிருக்கு, நல்லா வருதுன்னு சொன்னேன்."

எழுத்தாளருக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற தாய்கூட இப்படிக் கூசாமல் பொய் சொல்லிக் காப்பாற்றமாட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.

அந்த வாரமே குட்டு உடைந்தது. மாமியார் திறந்து திறந்து பார்த்ததில், விலகிப்போன எழுத்தாளரின் பெயருக்குப் பக்கத்தில், ஆள் உள்ளே இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி விடாமல் எரிந்திருக்கிறது. வேலையற்ற வாசகர் ஒருவர் அதைப் படம் பிடித்து, "என்னைத் தேட வேண்டாம் என்றவர் இங்கேயேதான் இருக்கிறார். நாவலாவது இருக்கிறதா?" என்று போட்டுவிட்டார். விடியவில்லை என்று அழுதவர்கள் எல்லாம் வந்து கைகொட்டிச் சிரித்தார்கள்.

"மானமே போச்சு" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் எழுத்தாளர்.

"விட்டுத் தள்ளுங்க. எழுதி முடிச்சுக் காட்டுங்க, வாய மூடிப்பாங்க" என்றாள் மனைவி.

"எழுதி முடிச்சா? அதுக்கு எவ்வளவு நாளாகும்! எழுதுறதையே காட்டிடறேன்."

அங்கேதான் வினை ஆரம்பித்தது.

மறுநாள் காலை, எழுத்தாளர் எழுதுவது நேரலையில் வந்தது. போனை நிறுத்திவைக்க ஸ்டாண்டு இல்லாததால் கண்ணாடிப் பெட்டிகளை அடுக்கி அதன்மேல் சாய்த்து வைத்தார்கள். அது சரிந்து சரிந்து விழுந்தது. ஆகவே மாமியார் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, சரியும்போது நிமிர்த்திவிடுவது என்று ஏற்பாடு. மற்ற நேரம் அவர் தன் போனில் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டிருப்பார்.

முதல் நாள் பதினோரு பேர் பார்த்தார்கள். அதில் ஒருவர் முதலாளி. பதினோரு பேர் முகத்தை உற்றுப் பார்க்கும்போது ஒரு மனிதனுக்கு வாக்கியமா வரும்? வியர்வைதான் வந்தது. ஆனால் கை நின்றால் "எழுதவில்லை, எழுதவில்லை" என்பார்களே. அதனால் எழுத்தாளர் கையை நிறுத்தாமல், பக்கத்தில் கிடந்த வாஷிங் மெஷின் கையேட்டைப் பார்த்து அப்படியே எழுத ஆரம்பித்தார். பேனா விறுவிறுவென்று ஓடியது.

"அடேயப்பா, என்ன வேகம்!" என்று கமெண்ட் வந்தது.

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

வாரம் திரும்புவதற்குள் நூறாயிற்று, ஆயிரமாயிற்று. இவர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே தாங்களும் ஆளுக்கொரு வேலை செய்தார்கள். ஒருவர் துணி மடித்தார், ஒருவர் பரீட்சைக்குப் படித்தார், ஓர் அம்மாள் குழந்தைக்குச் சோறு ஊட்டினார். எழுத்தாளர் நடுவில் பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தால் இதயங்கள் சரம் சரமாகப் பறந்தன. பக்கத்தைப் புரட்டினால் கைதட்டல். எனவே அவர் அடிக்கடி ஜன்னலைப் பார்த்தார், பாதி எழுதிய பக்கத்தையும் புரட்டினார்.

"மாப்பிள்ளே, ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார் மாமியார் ஒருநாள், நேரலை முடிந்ததும். "ஜன்னலைப் பாக்கறப்ப மனசுல என்ன ஓடும்?"

"மனித வாழ்க்கையோட அர்த்தம் அத்தை."

"நெஜமாவா?"

மாமியார் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் எத்தனை சாட்சிகள் உண்மையைக் கக்கினார்களோ தெரியாது.

"பசிக்கும் அத்தை" என்றார் எழுத்தாளர்.

மாமியார் தலையாட்டிவிட்டுத் தன் போனுக்குத் திரும்பிவிட்டார். நல்ல பதிலைக்கூடக் காதில் வாங்கப் பொறுமையில்லாத ஜன்மம் என்று எழுத்தாளருக்கு எரிச்சலாக வந்தது.

"உங்கம்மாவுக்குப் போன் பைத்தியம் முத்திப்போச்சு" என்று மனைவியிடம் முறையிட்டார். "ரெண்டு மணி நேரமும் தலை நிமிர்றதே இல்ல. போன் சரிஞ்சு என் மூக்கு மட்டும் தெரியுது, அதுகூடத் தெரியாம உக்காந்திருக்காங்க."

"அவங்க அக்கா தங்கச்சிங்களோட அரட்டையா இருக்கும். வயசான காலத்துல விடுங்களேன்."

அவர் விடவில்லை. "போனில் தொலைந்துபோகும் நம் மூத்த தலைமுறை" என்று மனமுருகி ஒரு பதிவு போட்டார். அது நேரலையைவிட நன்றாக ஓடியது. அதன் கீழே வந்த பதில்களுக்குப் பதில் போடுவதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போனது.

அடுத்து முதலாளி வந்தார். "நம்ம கடை ஃபிரேமைப் போட்டுக்கிட்டு எழுதேன்பா. தினம் ஒண்ணு. சும்மா மூக்குமேல இருந்தாப் போதும்" என்றார். முதலாளி கேட்டு மறுக்க முடியுமா? கடையில் கைக்குக் கிடைத்த ஃபிரேமை எல்லாம் எடுத்து வந்தார், வாடிக்கையாளர் ஒருவருக்காகத் தயாரான கனமான லென்ஸ் போட்டதையும் சேர்த்து. அடுத்தவருக்கு லென்ஸ் பார்த்துக் கொடுக்கிறவர் தன் மூக்கில் ஏறியது என்ன பவர் என்று பார்க்கவில்லை. அதைப் போட்டதும் மேசை மேலே எழும்பி வந்தது. எழுத்தாளர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, காகிதத்தை விட்டு இறங்கி, மேசை விரிப்பில் நாலு வரி எழுதினார்.

"எழுத்தில் மூழ்கித் தன்னையே மறந்துவிட்டார்!" என்று உருகினார்கள் ரசிகர்கள். இனி மாலையிலும் ஒரு நேரலை வேண்டும் என்று கேட்டார்கள். மாலையிலும் வந்தது.

வாஷிங் மெஷின் கையேடு தீர்ந்து, ஃபிரிட்ஜ் கையேடு தீர்ந்து, மிக்ஸி கையேட்டில் கால் வைத்தபோது வருஷக் கடைசி வந்தது.

பதிப்பாளரைப் பார்க்கப் போகும் வழியெல்லாம் எழுத்தாளர் தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டார். இத்தனை ஆயிரம் பேர் பார்க்கிற ஆளைப் பதிப்பாளர் விடுவாரா? கூட ஆறு மாதம் கேட்டால் கொடுக்கமாட்டாரா? நேரலையில் எழுதிக் குவித்த காகிதக் கட்டைச் சும்மா கனத்துக்காகப் பையில் வைத்து எடுத்துப்போனார்.

பதிப்பாளர் பையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "கொண்டு வந்துட்டீங்களா! நானும் ரெண்டு மூணு நாள் உங்க லைவைப் பாத்தேன். கை என்னமா ஓடுது! எங்க, கொடுங்க."

"இல்ல சார், இது இன்னும் செப்பனிடணும்..."

அதற்குள் கட்டு பதிப்பாளர் கையில் இருந்தது. நடுவில் ஒரு பக்கத்தை உருவி வாசித்தார். "வெள்ளைத் துணிகளையும் வண்ணத் துணிகளையும் ஒன்றாகப் போடாதீர்கள்." நிமிர்ந்து பார்த்தார். "சமூக நாவலா?"

எழுத்தாளர் கட்டைத் திரும்ப வாங்கக் கை நீட்டினார்.

பதிப்பாளர் இன்னொரு பக்கத்தை உருவினார். "கதவு சரியாக மூடப்படாவிட்டால் உள்ளே எதுவும் சுழலாது." இன்னொரு தடவை வாசித்தார். "இது நல்லா ஆழமா இருக்கு."

மூன்றாவது பக்கத்தில் மிக்ஸியின் பிளேடை எப்படிக் கழற்றுவது என்று இருந்தது. பதிப்பாளர் மெதுவாகக் கட்டைச் சேர்த்து, கயிற்றைப் பழையபடி கட்டி, மேசைமேல் தள்ளிவைத்தார். அவர் திட்டியிருந்தால்கூட எழுத்தாளர் தாங்கியிருப்பார்.

"அந்த இடத்தை வேற ஆளுக்குக் கொடுத்துட்டேங்க" என்றார். "ஒரு மாசமாவே அத்தியாயம் அத்தியாயமா வந்துக்கிட்டிருக்கு. பிரமாதமான நகைச்சுவை நாவல். ராத்திரியெல்லாம் சிரிச்சு வீட்டுல திட்டு வாங்கினேன். இருந்தாலும் உங்களுக்கு வாக்குக் கொடுத்தவன், இன்னிக்கு வரைக்கும் பாக்கலாம்னு இருந்தேன்."

"யாரு சார் அது?"

"புத்தகம் வர்ற வரைக்கும் பேரு வெளிய தெரிய வேணாம்னு கேட்டிருக்காங்க."

எழுத்தாளர் கடைசித் துருப்பை எடுத்தார். "அவங்களுக்கு ஃபாலோயர் எத்தனை சார்?"

"ஒருத்தர்கூட இல்ல. எதுலயும் அக்கவுண்டே கிடையாது."

"நீங்கதானே சார் நாலு பேருக்கு முகம் தெரியணும்னு சொன்னீங்க?"

"நாலு பேருக்குத்தானே சொன்னேன்" என்றார் பதிப்பாளர் வருத்தத்தோடு. "கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. அதுவும் இன்னிக்குச் சாயந்திரத்துக்குள்ள வந்துடும்."

எழுத்தாளர் எப்படி வீடு வந்து சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. பையைக் கூடத்தில் போட்டுவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். போன் ஓயாமல் சிணுங்கியது. மாலை நேரலைக்கு ஆட்கள் காத்திருந்தார்கள். முதல் தடவையாக அவர் அதை எடுக்கவில்லை.

மனைவி ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்னாச்சுங்க?"

"போச்சு. எல்லாம் போச்சு." அவர் குரல் உடைந்துவிட்டது. "நான் ஒரு வரிகூட எழுதலை. இத்தனை மாசமா எழுதற மாதிரி நடிச்சேன். வாஷிங் மெஷின் புஸ்தகத்தைப் பாத்து எழுதினேன். ஜன்னலைப் பாத்தது போஸு. பக்கம் புரட்டினது போஸு. அந்தக் கனத்த கண்ணாடியைப் போட்டுக்கிட்டு மேசைத் துணியில எழுதினேன் பாரு, அதுதான் நான் சொந்தமா எழுதின நாலு வரி. அதையும் நீ துவைச்சுட்டே."

மனைவி அவர் காலிலிருந்து செருப்பைக் கழற்றினாள்.

"பள்ளிக்கூடம் படிக்கறப்பலேருந்து ஒரே ஒரு புஸ்தகம், அட்டையில என் பேரு, அவ்வளவுதான் கேட்டேன். அதுக்குத்தான் எல்லாரையும் கூப்பிட்டேன். எல்லாரும் வந்தாங்க. வந்தவங்களைக் கவனிச்சுக்கிட்டே இருந்ததுல நாவலை விட்டுட்டேன். அந்தப் பய இன்னும் மாடிப்படியிலதான் நிக்கிறான். அந்தப் பொண்ணு மேல கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு எத்தனை நாள்தான் காத்திருப்பா, சொல்லு!"

மனைவி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது. பாவம், அவர் கெட்டவர் இல்லை, கைதட்டலுக்குக் கொஞ்சம் ஏங்கிவிட்டார், அவ்வளவுதான்.

எழுத்தாளர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தார். எதிரே சோபாவின் ஓரத்தில் மாமியார் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரல் இரண்டும் போனில் பறந்துகொண்டிருந்தன. இத்தனை மாதம் அடக்கிவைத்திருந்தது எழுத்தாளருக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"அத்தை! இங்க ஒருத்தன் உசுரு போற மாதிரி அழுதுக்கிட்டிருக்கேன். இப்பக்கூடவா அந்தப் போனைக் கீழ வைக்கமாட்டீங்க?"

"கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க மாப்பிள்ளே" என்றார் மாமியார், விரலை நிறுத்தாமல். "இதுதான் கடைசி அத்தியாயம், சாயந்திரத்துக்குள்ள பதிப்பாளருக்கு அனுப்பணும்."